பேர் வெட்டிய சாவி

பொண்டாட்டிக்கு வேலையில் நல்ல பேர் கிடைத்தால் புருஷன்காரன் சந்தோஷப்பட வேண்டும். சுடலைமணியும் சந்தோஷப்பட்டான். காலையில் ரிஞ்சு சார் அந்தச் செய்தியைச் சொன்னதிலிருந்து பதினொரு மணி டீ வரும் வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தான். டீயோடு வந்த பருப்பு வடைப் பொட்டலத்தை ரிஞ்சு சார் பிரித்து, முதல் வடையை வனிதாவிடம் நீட்டினார். வழக்கமாக அது சுடலைமணிக்கு வருகிற வடை. எரிச்சல் அங்கே ஆரம்பித்தது.

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் ஒரு மாட்டுத்தீவனக் கடையின் மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. மலையாளியான ரிஞ்சு சார் முதலாளி. சுடலைமணியும் அவன் மனைவி வனிதாவும் மட்டுமே ஊழியர்கள். சுற்றுவட்டாரத்துப் பால் சொசைட்டிகளுக்குக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் செய்து கொடுப்பது தொழில். உறுப்பினர்களின் ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் இணையத்தில் கிளவுடு என்கிற வாடகைக் கிடங்கில் பூட்டப்பட்டுக் கிடக்கும். அதைப் பூட்டித் திறக்கும் சாவிகளும் கிளவுடிலேயே இருக்கும். ஆபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து சாவிக்காரன் சுடலைமணிதான்.

அந்தக் காலைச் செய்தி இதுதான்.

"மணீ, இனி கீயோட காரியமெல்லாம் வனிதா நோக்கட்டும். நீ பில்லிங் சைடு நோக்கிக்கோ. குழப்பமில்லல்லோ?"

"ஒரு குழப்பமும் இல்ல சார்" என்றான் சுடலைமணி. குழப்பம் இல்லைதான். வயிற்றெரிச்சலுக்கும் குழப்பத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

கிளவுடில் இருக்கும் சாவிக்குப் பல்லும் வளையமும் கிடையாது. எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளத்துக்கு ஓர் அடையாளம்தான் உண்டு. அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அதனால் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மாற்றுப்பேர் வைப்பார்கள். அலியாஸ் என்பது ஆபீஸ் வழக்கு. புரோகிராமுக்குத் தெரிந்தது அந்தப் பேர் மட்டும்தான். 'பால்-பொது என்ற சாவியால் பூட்டு' என்று எழுதியிருந்தால், அந்தப் பேர் எந்தச் சாவியின்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதை எடுத்துப் பூட்டும். பேரைத் தூக்கி வேறொரு சாவியில் வைத்துவிட்டால், புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம். அடுத்த முறை அது தானாகப் புதுச் சாவியால் பூட்டிக்கொள்ளும்.

இதுவரைக்கும் எல்லாச் சொசைட்டிகளுக்கும் பொதுவாக ஒரே சாவிதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுடலைமணி தன் கையால் உண்டாக்கியது. ஒவ்வொரு சொசைட்டிக்கும் தனிச் சாவி வேண்டும் என்று இந்த வருஷம் பேச்சு வந்தபோது, அவன் வழக்கம்போல கிளவுடின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் செய்யலாம் என்றிருந்தான். ஒரு வாரம் ஆகும் என்று ரிஞ்சு சாரிடம் சொல்லியும் வைத்திருந்தான். அவனுக்கு அந்த ஒரு வாரம் பிடிக்கும். யார் கேட்டாலும் "கீ வேலையில இருக்கேன்" என்று சொல்லலாம்.

வனிதா இரண்டே நாளில் அதற்கொரு புரோகிராம் எழுதிவிட்டாள்; ஆபீஸ் வழக்கில் அது கோடு. சொசைட்டிகளின் பேரை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி ஓட்டினால் போதும். இல்லாத சாவியை உண்டாக்கும், பேர் வைக்கும், பேர் தப்பான சாவியில் இருந்தால் சரியான சாவிக்கு மாற்றும். எல்லாம் சரியாக இருந்தால் 'மாற்ற ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கும். எங்கேயாவது தப்பு காட்டாதா என்று சுடலைமணி அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான். மூன்று தடவையும் 'மாற்ற ஒன்றுமில்லை' என்றது. அந்த வரியை அவள் தன்னைப் பார்த்து எழுதியதாகவே அவனுக்குப் பட்டது.

சாயங்காலம் மீனாட்சிபுரத்துக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது வனிதா பின்னாலிருந்து பேச்செடுத்தாள்.

"ஏனுங்க, அந்தப் பழைய பொதுச் சாவி இருக்குதல்லங்க, அதெ..."

"தெரியும்."

"இல்லீங்க, பேரத்தான் எடுத்துருக்கறனுங்க. உள்ள இன்னும்..."

"அந்தச் சாவிய உண்டாக்குனதே நாந்தான். எனக்குத் தெரியாததையா நீ சொல்லப்போற?"

வனிதா அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு. பொள்ளாச்சி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயிற்று.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. அது வனிதாவின் அப்பா குப்பண்ணனின் வீடு. கோயம்புத்தூர்க் கல்லூரியில் கூடப் படித்தவளைக் கட்டிக்கொண்டு, சுடலைமணி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். குப்பண்ணன் மரியாதைக்குக் குறை வைத்ததே இல்லை. ஆனால் அன்றைக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"மாப்ளெ, கேட்டீங்களா? இனி எல்லாச் சொசைட்டிச் சாவியும் நம்ம அம்முணி கையிலதானுங்களாமா. பிரசிடெண்டே எந்திரிச்சு நின்னு கேட்டாருங்க."

நாலு வருஷமாகச் சாவி தன் கையில் இருந்தபோது எந்தப் பிரசிடெண்டும் எழுந்து நின்றதில்லை. சுடலைமணி சிரித்தான். சிரித்துவிட்டு இரண்டு தோசையோடு எழுந்துவிட்டான். பசி இருந்தது, ஆனால் அன்றைக்குத் தோசை வார்த்ததும் வனிதாதான்.

பொறாமை பிடித்தவனுக்குத் தூக்கம் வராது என்பார்கள். சுடலைமணிக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. எழுந்தபோது ஒரு யோசனையும் கூடவே எழுந்தது.

யோசனை வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சுடலைமணி வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். அங்கே பேர்தான் எல்லாம். செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் ஒருத்தன் பேர் இருக்கிறவரைக்கும் அவனுக்கு லைனில், அதாவது கூலிக்காரர் வீட்டு வரிசையில், ஒரு வீடு உண்டு. வயதாகிப் பேரை வெட்டிவிட்டால் லைனைக் காலி செய்ய வேண்டும். பேர் விழுந்த பிள்ளை இருந்தால் பாத்திரம் பண்டம், கட்டில், சாமி படம் எல்லாம் அந்தப் பிள்ளையின் லைனுக்குப் போய்ச் சேரும். பழைய வீட்டைக் கழுவிப் பூட்டி அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். அவன் அப்பா அழகுமலைக்கு அப்படித்தான் நடந்தது. பேர் போன இடத்துக்குச் சாமானும் போகும், பேர் இல்லாத வீட்டில் ஒன்றும் இருக்காது என்பது சுடலைமணிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

ஆகவே அவன் நினைத்தான்: பேரைப் புதுச் சாவிகளுக்கு மாற்றியவள், பழைய சாவியைப் பேர் வெட்டி அநாதையாகப் போட்டு வைத்திருக்கிறாள். பூட்டியதெல்லாம் பேரோடு போய்விட்டது. காலிச் சாவிக்கு மாசாமாசம் கிளவுடுக்காரனுக்கு வாடகை வேறு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வனிதா சாப்பாட்டுப் பாத்திரம் கழுவப் போயிருந்த நேரத்தில் அவனும் ஒரு கோடு எழுதினான். பேர் இல்லாத சாவிகளைத் தேடு, கிடைத்ததையெல்லாம் அழிக்கப் போடு. அவ்வளவுதான்.

ஓட்டினான். எப்போதோ அவனே சோதித்துப் பார்க்க உண்டாக்கிப் போட்ட சாவிகள் சில சிக்கின. கடைசியில் பழைய பொதுச் சாவியும் வந்தது. அதன் அடையாளத்தின் முதல் நாலு எழுத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம் கை நின்றது. இவ்வளவு நாள் உழைத்த சாவிக்கு ஒரு பேர்கூட விட்டுவைக்காமல் எடுத்துவிட்டாளே என்று அவள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே அதையும் அழிக்கப் போட்டான்.

கிளவுடு எந்தச் சாவியையும் உடனே அழிக்காது. குறைந்தது ஒரு வாரம் தவணை கொடுக்கும். அந்த ஒரு வாரம் முடிந்ததும், 'அவ பேர் மாத்தினா, குப்பைய நான்தான் சார் கூட்டினேன்' என்று ரிஞ்சு சாரிடம் சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தைக்கூட அவன் தயார் செய்து வைத்திருந்தான்.

அவன் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று நாம் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பேர் மாறினால் இனிமேல் பூட்டுவதுதான் புதுச் சாவிக்குப் போகும். முன்னால் பூட்டியதைப் பூட்டிய சாவிதான் திறக்கும். சொசைட்டிகள் நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த பாஸ்புக் நகல் அத்தனையும் அந்தப் பேர் வெட்டிய சாவிக்குள்தான் இருந்தன. வனிதா அவற்றை ஓணம் முடிந்து நிதானமாகப் புதுச் சாவிகளுக்கு மாற்றலாம் என்று வைத்திருந்தாள். ஸ்கூட்டரில் சொல்ல வந்ததும் அதுதான். சுடலைமணி நாலு வருஷம் சாவிக்காரனாக இருந்தும் பேரை இடம் மாற்றும் வேலை அவனுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை இன்னொரு இடி. ஆபீஸில் அதுவரை யார் எதை ஓட்டினாலும் பொதுவாக ஆபீஸ் கம்ப்யூட்டரின் பேரில்தான் கிளவுடில் பதிவாகும். அது ஆபத்து என்று சொல்லி வனிதா ஆளுக்கொரு லாகின் கொடுத்தாள். சாவியை அழிக்கவும், அழிப்பை நிறுத்தவும் அதிகாரம் அவளுடைய லாகினுக்கு மட்டும். சுடலைமணிக்குச் சாவியை உபயோகிக்கும் அதிகாரம் இருந்தது. அவ்வளவுதான்.

"என் சாவிய நானே தொட முடியாதா?" என்று கேட்டான்.

"தொடலாமுங்க. அழிக்கத்தான் முடியாது" என்றாள் வனிதா. குத்தலாகச் சொல்லவில்லை. அது தெரிந்ததால் அவனுக்கு இன்னும் குத்தியது.

வாராவாரம் பால் காசைச் சொசைட்டி கவுண்டரிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். ஓணம் போனஸ் மட்டும் பேங்குக்குப் போகும். அதனால் பாஸ்புக் நகல்களை வருஷத்துக்கு ஒருமுறை, ஓணத்துக்கு முன்னால்தான் திறப்பது. வியாழக்கிழமை, எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று வெள்ளோட்டம் பார்க்கும் வேலை சுடலைமணிக்கு வந்தது. அன்றைக்கு வனிதா லீவு. வீட்டில் செவலைப் பசு தலைச்சன் ஈத்துக்கு நின்றிருந்தது. ரிஞ்சு சாரும் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சூர் போயிருந்தார். சுடலைமணி தனியாக உட்கார்ந்து வெள்ளோட்டத்தை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது திரை முழுக்கச் சிவப்பு. போன வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டொரு பேருடைய பாஸ்புக் மட்டும் திறந்திருந்தது. மற்ற அத்தனை பேருக்கும் ஒரே பதில்: இந்தச் சாவி அழிப்புக்குக் காத்திருக்கிறது, உபயோகிக்க முடியாது.

முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினான். அப்புறம் அந்த அடையாளத்தின் முதல் நாலு எழுத்தைப் பார்த்தான். போன வெள்ளிக்கிழமை அவன் அழிக்கப் போட்ட பழைய பொதுச் சாவி. நாளை மத்தியானம் அந்தச் சாவி செத்துவிடும். செத்த சாவியைக் கிளவுடுக்காரனாலும் எழுப்ப முடியாது. ஓணத்துக்கு முன்னால் ஒருத்தருக்கும் போனஸ் போகாது. அத்தனை உறுப்பினர்களிடமும் மறுபடி ஆதார் கேட்டு, பாஸ்புக் கேட்டு நிற்க வேண்டும். அதற்குள் சொசைட்டிகள் ஆபீஸையே கைகழுவிவிடும். குப்பண்ணன் பால் ஊற்றும் வரிசையில் நிற்பவர்கள், இந்தக் காரியத்தைச் செய்தது அம்முணியின் புருஷன்தான் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அழிப்பை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். 'உங்களுக்கு அதிகாரம் இல்லை' என்றது. ரிஞ்சு சாருக்குப் போன் போட்டான்.

"சார், எனக்குக் கீ பெர்மிஷன் கொஞ்சம் வேணுமே. ஒரு சின்ன டெஸ்டு."

போனில் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. "அது வனிதாவோடு சோதிக்கு மணீ. எல்லாம் அவளல்லே இப்போ. வீட்டிலுண்டல்லோ, சோதிச்சா மதி" என்று, அவளையே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

ஊரில் ஆயிரம் புருஷன்கள் பொண்டாட்டியிடம் ஆயிரம் விஷயம் கேட்கிறார்கள். உப்பு எங்கே, சட்டை எங்கே என்று கேட்கிறார்கள். சுடலைமணிக்கு வீடு போய்ச் சேரும் பத்து மைல் தூரமும் அந்த ஒரு கேள்வியே பெரும்பாடாக இருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று தென்னந்தோப்பு முடிகிறவரைக்கும் யோசித்தான். வழி இல்லை. அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கட்டுத்தரையில் செவலை படுத்துக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டியின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன. வனிதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை எண்ணெயோடு, அந்தக் கால்களைப் பிடித்துப் பசு முக்கும்போதெல்லாம் பதமாக இழுத்துக்கொண்டிருந்தாள். குப்பண்ணன் பசுவின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளெ. டாக்டரக் கூப்புடலாம்னேன். அம்முணி வேண்டாம்னுருச்சு. அது கைராசி உங்களுக்குத் தெரியாதுங்களே."

கைராசியையும் அவளுக்கே கொடுத்தாகிவிட்டது. சுடலைமணி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"வனிதா, ஒன் பாஸ்வேர்ட்ட கொஞ்சம் சொல்லு."

"எதுக்குங்க?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கு எதுக்குங்க பாஸ்வேர்டு?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவலை மறுபடி முக்கியது. வனிதா இழுத்தாள். கன்றின் மூக்கு எட்டிப் பார்த்தது.

"ஒரு சாவி அழியப் போகுது" என்றான் சுடலைமணி.

"எந்தச் சாவிங்க?"

"பழசு."

வனிதாவின் கை நின்றது. குப்பண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆரு அழிக்கப் போட்டது?"

சுடலைமணி லேப்டாப்பை அவள் பக்கம் நீட்டினான். அதுவே பதிலாயிற்று.

"எப்பங்க சாகும்?"

"நாளைக்கு மத்தியானம்."

"அப்படீன்னாக் கொஞ்சம் பொறுங்க. இது இப்பவே செத்துப் போகும்" என்று சொல்லிவிட்டு அவள் கன்றின் பக்கம் திரும்பினாள். ஒரு மூச்சு இழுத்து, பசுவோடு சேர்ந்து தானும் முக்கி, கன்றை வைக்கோலில் இறக்கினாள். அதன் மூக்கைத் துடைத்து, வாயில் விரல் விட்டுச் சளியை வழித்தாள். கன்று தும்மியது. கிடாரிக் கன்று. குப்பண்ணன் சந்தோஷத்தில் ஏதோ சொன்னார். புருஷனும் பொண்டாட்டியும் அதைக் காதில் வாங்கவில்லை.

வனிதா தொட்டியில் கை கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். தவிட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் விரல்கள் சாவிப்பலகையில் ஓடுவதைச் சுடலைமணி பக்கத்தில் நின்று பார்த்தான். அந்த நேரத்திலும் அவனுக்குப் பயத்தைவிட வேகமாக வந்தது, தான் இவ்வளவு வேகமாக அடிப்பதில்லை என்கிற நினைப்புதான். அப்படியொரு மனுஷன்.

அழிப்பு நின்றது. ஆனால் பாஸ்புக் திறக்கவில்லை.

"அழிப்ப நிறுத்துனா சாவி முடங்கித்தான் கெடக்கும். தனியா எழுப்பி விடணும்" என்றான் சுடலைமணி அவசரமாக. காலையிலிருந்து அதைத்தான் அவன் படித்துக்கொண்டிருந்தான்.

"தெரியுமுங்க" என்றாள் வனிதா. அவன் சொல்லி முடிப்பதற்குள் எழுப்பிவிட்டிருந்தாள்.

வெள்ளோட்டத்தை மறுபடி ஓட்டினாள். வரிசையாகத் திறந்துகொண்டு வந்தது. நடுவில் குப்பண்ணனின் பாஸ்புக்கும் வந்தது. போட்டோவில் அவர் மீசைக்கு மை தீட்டியிருந்தார். வனிதா லேப்டாப்பை மூடினாள்.

"நாஞ் சொல்ல வந்தப்பக் கேட்டிருந்தா இத்தன தூரம் வந்துருக்காதுங்க."

"ஆமா."

"எம்மேல உங்களுக்கு என்னங்க இத்தன எரிச்சல்?"

"எரிச்சலெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"இருக்குதுங்க. நீங்க தோச திங்கறதுலயே தெரியாதுங்களா எனக்கு? நாலு தின்னற ஆளு ரெண்டோட எந்திரிக்கறீங்க." அவள் குரல் உடைந்தது. கோபத்தில்தான் உடைந்தது, அழவில்லை. எழுந்து போய்ச் செவலைக்கு வெல்லம் கலந்த தண்ணீர் வைத்தாள். ராத்திரி தோசைக்குப் பதில் உப்புமா கிண்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போகும்போது சுடலைமணி ஒரு முடிவோடு போனான். ரிஞ்சு சார் திட்டுவார். திட்டட்டும். கேட்டுக்கொள்ளலாம். ஒன்றிரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். திட்டு வாங்குவதற்காவது அவனுக்கு முறை வந்ததே என்று ஒரு மூலையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

ரிஞ்சு சார் கல்யாண வீட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வந்து மெயிலைத் திறந்தார். அழிப்பு நிறுத்தப்பட்டதாகக் கிளவுடுக்காரன் அவருக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் தூக்கம் பறந்தது. சாவியை அழிக்கப் போட்டது யார் என்று பார்த்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பேர்தான் இருந்தது.

"இது ஆரா செய்தது?"

சுடலைமணி வாயைத் திறப்பதற்குள் வனிதா எழுந்துவிட்டாள்.

"என்ற தப்புங்க சார். பேர எடுத்தப்ப உள்ள பழசெல்லாம் இருக்குதுன்னு ஒரு குறிப்புப் போட்டு வெச்சிருக்கோணும். வெறும் சாவின்னு அழிக்கப் போயிருச்சுங்க. நேத்தே நிறுத்திட்டனுங்க. வெள்ளோட்டம் பூரா ஓடிருச்சு."

ரிஞ்சு சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கண்டோ மணீ? இதாணு உத்தரவாதித்தம். தெற்றுப் பற்றி, தன்னே கண்டுபிடிச்சு, தன்னே சரியாக்கி, தன்னே வந்து பறைஞ்ஞு. எனிக்கு ஆளு தெற்றியில்லா."

தப்பைத் தானே கண்டுபிடித்து, சரிசெய்து, தானே வந்து சொன்னாளாம். பொறுப்பு என்பதற்கு ரிஞ்சு சார் மலையாளத்தில் சொன்ன அந்த நீளமான வார்த்தை சுடலைமணியின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது. அவன் செய்த தப்பு அது. அவன் கையால், அவன் எழுதிய கோடால், அவன் உண்டாக்கிய சாவிக்குச் செய்த தப்பு. அதற்கும் பாராட்டு அவளுக்கா? நல்லது செய்தால்தான் அவளுக்குப் பேர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவன் கெட்டது செய்தாலும் அவளுக்கே போய்ச் சேர்ந்தால் மனுஷன் எப்படித்தான் பொறுப்பான்?

"சார், அது நாந்தான் செஞ்சேன்" என்றான் சுடலைமணி.

வனிதா திடுக்கிட்டுப் பார்த்தாள். அவன் மனசாட்சி விழித்துக்கொண்டதாக அவள் நினைத்திருக்கலாம். விழித்துக்கொண்டது மனசாட்சி இல்லை என்பது நமக்குத் தெரியும்.

ரிஞ்சு சார் சிரித்தார். "வேண்டா மணீ. பாரியக்கு வேண்டி நொண பறையண்டா."

"பொய் இல்ல சார். பொண்டாட்டிக்காகச் சொல்லல. பேரில்லாத சாவியத் தேடி அழிக்க நாந்தான் கோடு எழுதுனேன். சத்தியமாச் சொல்லுதேன்."

"நாலு கொல்லம் கீ நோக்கின ஆளு நீ. நினக்கு இது தெற்றுமோ?" ரிஞ்சு சாரின் கண் லேசாகக் கலங்கியது. கல்யாண வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் அவருக்கு எப்போதும் மனசு இளகியிருக்கும். "பாரியயோடு இத்தற ஸ்நேகமுள்ள ஒரு ஆளெ ஞான் கண்டிட்டில்லா."

பதினொரு மணிக்கு டீ வந்தது. ரிஞ்சு சார் பொட்டலத்தைப் பிரித்து முதல் வடையைச் சுடலைமணியிடம் நீட்டினார். நல்ல புருஷன் என்பதற்காகக் கொடுத்த வடை. ஒரு வாரமாக அவன் ஏங்கிக் கிடந்த வடைதான். கடித்தான். மீதியைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தான். வனிதா கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தால் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் தென்னந்தோப்பைத் தாண்டினார்கள். சுடலைமணிதான் ஆரம்பித்தான்.

"எதுக்கு நீ ஏத்துக்கிட்ட?"

"அவரு உங்களத் திட்டுனா நீங்க ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருப்பீங்க. அதெ நானுல்லங்க பாக்கோணும்? அதுக்கு இதே தேவலைங்க."

எதிரே மாட்டு லாரி ஒன்று வந்தது. ஒதுங்கி வழிவிட்டான்.

"அந்தப் பழைய சாவிக்கு ஒரு பேரு வெச்சுப்போட்டனுங்க" என்றாள் வனிதா. "பேரில்லாம கெடந்தா நாளைக்கு இன்னொருத்தரும் குப்பைன்னு கூட்டிப் போடுவாங்க."

"என்ன பேரு?"

"மணி-ன்னு வெச்சுருக்கறனுங்க."

ஸ்கூட்டரின் வேகம் தானாகக் குறைந்தது. தன் பேரைக் கோடில் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு எத்தனை வருஷத்து ஆசை. ஆனால் அவள் அதைக் கொண்டுபோய் உத்தியோகம் போன சாவியில் வைத்திருக்கிறாள். சந்தோஷப்படுவதா, ரோஷப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது.

"அப்போ புதுச் சாவிக்கெல்லாம் ஒம்பேரா?"

"சொசைட்டிக பேருதானுங்க. அதுக்கு எதுக்குங்க எம்பேரு?"

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, கன்றுக்குச் சீம்பால் பத்துமா என்று தனக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். சுடலைமணி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். பொய்யில்லை. அவளுக்கு நிஜமாகவே அந்த ஆசை இல்லை. பேரே வேண்டாம் என்று ஒருத்தியால் இவ்வளவு லேசாக இருக்க முடிகிறதே என்று நினைத்தான். அவன் வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.